கிவியின் நாவலுக்கு யாரிடம் உரிமை வாங்குவது?

பின்லாந்தின் தம்பெரே நகரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அலெக்ஸிஸ் கிவியின் 'ஏழு சகோதரர்கள்' நாவலைத் தமிழில் கொண்டுவர ஆசை. பின்னிஷ் எனக்குப் பாதிதான் வரும். 1929இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பை வைத்துச் செய்யலாமா? உரிமை வாங்கித் தர ஒருவர் 600 யூரோ கேட்கிறார்."

ஒரு காசும் கொடுக்காதீர்கள். கிவி இறந்தது 1872இல். காப்புரிமை பின்லாந்தில் ஆசிரியர் இறந்து 70 ஆண்டுகள், இந்தியாவில் 60. இல்லாத உரிமையை விற்கிறார் அந்த ஆசாமி. கேட்டால் முத்திரை குத்திய ஒரு தாளும் நீட்டுவார், மயங்காதீர்கள். உயிரோடிருக்கும் எழுத்தாளர் என்றாலும் உரிமை வாங்க வேண்டியது பதிப்பகம். மொழிபெயர்ப்பாளர் தன் கைக்காசைப் போடக் கூடாது.

சிக்கல் அந்த ஆங்கில நூலில்தான். அதைச் செய்தவர் அலெக்ஸ் மாட்சன். சிறுவயதில் இங்கிலாந்தின் ஹல் நகரில் வளர்ந்ததால் ஆங்கிலம் அவருக்கு அந்நிய மொழி அல்ல. நோபல் பரிசு பெற்ற பின்னிஷ் நாவலாசிரியர் சில்லன்பாவையும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார். அப்புறம் உங்கள் ஊரிலேயே பின்னாளில் பெரிய நாவலாசிரியரான வைனோ லின்னா போன்ற இளைஞர்களுக்கு ஆசானாக இருந்தார். 1972இல் காலமானார். ஆகவே அந்த மொழிபெயர்ப்புக்குப் பின்லாந்தில் 2042 முடியும்வரை காப்புரிமை உண்டு. "மூலத்துக்கே முடிந்துவிட்டதே?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். கதை கிவியுடையது, ஆங்கில வாக்கியம் மாட்சனுடையது. பக்கத்தில் வைத்துச் சந்தேகம் தீர்த்துக்கொள்ளுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள். வரிக்கு வரி அதிலிருந்தே தமிழாக்கினால் அவருடைய வாரிசுகளின் அனுமதி வேண்டும். முன்னுரையில் நன்றி சொன்னால் போதும் என்று சொல்பவரை நம்பாதீர்கள்.

சரி, பணம்? ஹெல்சிங்கியில், பின்லாந்து இலக்கியத்தைப் பிற மொழிகளுக்குக் கொண்டுசெல்ல உதவும் ஃபிலி (FILI) என்ற அமைப்பு இருக்கிறது. மாதிரிப் பகுதியை மொழிபெயர்க்க உங்களுக்கே உதவித்தொகை தரும். முழு நூலுக்கான தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டியது வெளிநாட்டுப் பதிப்பகம். கண் பழுக்க உழைப்பவர் ஒருவர், விண்ணப்பம் இன்னொருவர் கையில்! என் பதிப்பாளர் ஒருவர் கடைசித் தேதியை மறந்ததில் எனக்கு ஒரு வருடம் போயிற்று. தேதியை நீங்களே குறித்து வைத்து நச்சரியுங்கள்.

பாதிப் பின்னிஷுக்குப் பயப்பட வேண்டாம். பின்லாந்தின் தேசிய காவியமான 'கலேவலா'வை சிவலிங்கம் தமிழாக்கி 1994இல் வந்தது, ஆங்கிலம் வழியாக அல்ல, நேரே பின்னிஷிலிருந்து. கிவியின் நாவலில் உரையாடல்கள் பல இடங்களில் நாடகம் போலப் பெயர் போட்டே வரும். அப்படி ஒரு காட்சியை மூலத்திலிருந்து செய்து, பின்னிஷ் தாய்மொழிக்காரர் ஒருவரோடு உட்கார்ந்து ஒத்துப் பாருங்கள். அந்த 600 யூரோவில் கொஞ்சம் அவருக்குக் கொடுக்கலாம்.