1483: பிறந்தவர்களும் காணாமல்போனவர்களும்

வணக்கம் சார்,

போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஆண்டு வாரியாகக் குறிப்பெடுப்பது என் பழக்கம். ஒரு பக்கத்துக்கு ஒரு வருஷம். நிகழ்வு, பிறப்பு, இறப்பு என்று மூன்று பத்தி. போன வாரம் பாபர் பிறந்தது 1483 என்று எழுதினேன். அதே பக்கத்தில் மார்ட்டின் லூதர் ஏற்கெனவே இருந்தார். கீழே ரஃபேல். ஒருவர் இந்தியாவில் முகலாய ஆட்சியைத் தொடங்கியவர், ஒருவர் ஐரோப்பியத் திருச்சபையை இரண்டாக்கியவர், ஒருவர் ஓவியத்தின் உச்சம். மூவரும் ஒரே வருஷத்தில் பிறந்தது தற்செயல்தானா? என் அறைத்தோழருக்கு ஜோசியத்தில் ஈடுபாடு உண்டு. "அந்த வருஷத்துக் கிரகநிலை அப்படி" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். எனக்கு ஒப்பவில்லை. ஆனால் பதில் சொல்லவும் தெரியவில்லை. 1483க்கு அப்படி என்ன விசேஷம்?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் அறைத்தோழர் சொன்னதை லூதர் உயிரோடு இருந்தபோதே பெரிய ஜோசியர்கள் சொல்லிவிட்டார்கள். அவர்களுக்கு ஒரே ஒரு சிக்கல், 1483 தோதுப்படவில்லை. வியாழனும் சனியும் விருச்சிகத்தில் கூடியது 1484இல். அந்தச் சேர்க்கை மதத்தில் பெரிய கலகம் கொண்டுவரும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார்கள். ஆகவே லூக்கா கௌரிகோ என்ற இத்தாலிய ஜோசியர் லூதரின் பிறந்தநாளை 1484 அக்டோபர் 22க்கு நகர்த்தி ஜாதகம் எழுதினார். கிரகத்துக்கு ஆள் பொருந்தாவிட்டால் ஆளின் தேதியை மாற்றிவிடுவது. நம்மூரில் கல்யாணப் பொருத்தத்துக்காகச் செய்வதுதான்.

அவர்களால் அப்படி நகர்த்த முடிந்ததற்குக் காரணம், லூதருக்கே தன் வருஷம் நிச்சயமாகத் தெரியாது என்பது. சில இடங்களில் அவரே 1484 என்று சொல்லியிருக்கிறார். அவருடைய நண்பர் மெலங்க்தன் லூதரின் அம்மாவிடம் போய் இதைக் கேட்டிருக்கிறார். அந்த அம்மாளுக்கு நாள் நினைவிருந்தது, நவம்பர் 10. நேரமும் நினைவிருந்தது, நள்ளிரவை ஒட்டி. வருஷம் மட்டும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தம்பி யாக்கோபுதான் 1483 என்பது வீட்டில் சொல்லிக்கொள்ளும் கணக்கு என்றார். நாள் ஏன் மறக்கவில்லை என்றால், மறுநாள் புனித மார்ட்டின் திருநாள். அன்று ஞானஸ்நானம் கொடுத்து அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள். பெயரில் நாள் இருக்கிறது, வருஷம் இல்லை.

இது எனக்கு விசித்திரமாகவே படவில்லை. என் பாட்டியைக் கேட்டால் மூத்த மாமா பிறந்தது ஐப்பசி அடைமழை, விடியற்காலம், வைக்கோல்போர் நனைந்துபோன அன்று என்பாள். எந்த வருஷம் என்றால் யோசிப்பாள். மாமாவைப் பள்ளியில் சேர்த்த அன்று ஹெட்மாஸ்டர் தலையைச் சுற்றி எதிர்க்காதைத் தொடச் சொல்லிப் பார்த்து, ஜூன் 1 என்று ஏதோ ஒரு வருஷத்தைப் போட்டுவிட்டார். அந்த சர்டிபிகேட் தேதியால் மாமா ஒன்றரை வருஷம் முன்னதாகவே ரிட்டையர் ஆனார். கடைசிவரை அந்த ஹெட்மாஸ்டரை மன்னிக்கவில்லை.

ரஃபேலுக்கு வருஷத்தில் தகராறு இல்லை, நாளில் இருக்கிறது. ஓவியர்களின் வரலாறுகளைத் தொகுத்த வசாரி எழுதிய வாழ்க்கை வரலாறு, ரஃபேல் பெரிய வெள்ளியன்று பிறந்து பெரிய வெள்ளியன்றே இறந்தார் என்கிறது. 1483இல் பெரிய வெள்ளி மார்ச் 28. இறந்தது 1520 ஏப்ரல் 6, அதுவும் பெரிய வெள்ளிதான். ஆனால் கல்லறை வாசகம் அவர் பிறந்த தேதியிலேயே இறந்தார் என்கிறது. அப்படியானால் பிறப்பும் ஏப்ரல் 6. இரண்டில் எதையும் எழுதலாம். பரீட்சைக்காரர்கள் வழக்கமாக ஏப்ரல் 6 கேட்பார்கள்.

மூவரில் தேதி கச்சிதமாக இருப்பது பாபருக்குத்தான். ஹிஜ்ரி 888, முஹர்ரம் மாதம் ஆறாம் நாள். நம் கணக்கில் 1483 பிப்ரவரி 14. அதை ஒரு கவிஞர் பாட்டிலேயே பூட்டிவைத்துவிட்டார். 'ஷஷ்-இ-முஹர்ரம்' என்றால் பாரசீகத்தில் முஹர்ரம் ஆறு. அரபு எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் உண்டு. கூட்டிப் பாருங்கள். ஷஷ் என்பதில் இரண்டு ஷீன், 300ம் 300ம் ஆக 600. முஹர்ரம் என்பதில் மீம் 40, ஹே 8, ரே 200, மறுபடி மீம் 40, ஆக 288. ரே உச்சரிப்பில் இரட்டித்தாலும் எழுத்தில் ஒன்றுதான். மொத்தம் 888. நாளைச் சொல்லும் சொல்லிலேயே வருஷமும் வந்து உட்கார்ந்துவிடுகிறது! சங்கீதம் கேட்பவர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல. தீரசங்கராபரணம் என்ற பெயரின் முதல் இரண்டு எழுத்தைக் கடபயாதி முறையில் எண்ணாக்கித் திருப்பினால் 29வது மேளம் என்று வருகிறதே, அதுபோலத்தான்.

இவ்வளவையும் சொல்வது உங்கள் பக்கத்தின் தலைப்பைச் சற்று அசைத்துப் பார்க்கத்தான். பாபரின் வீட்டில் யாரும் 1483 என்று சொல்லியிருக்க மாட்டார்கள். நம் பக்கத்தில் அது சித்திரை பிறந்ததும் சோபகிருது வருஷம். சில ஆண்டுகளுக்கு முன் 2023இல் வந்துபோனதே, அதே பெயர்தான், ஒன்பது சுற்று முந்தியது. இங்கிலாந்தில் புது வருஷம் மார்ச் 25இல்தான் தொடங்கும். பாபர் பிறந்த அன்று லண்டன் குமாஸ்தாவுக்கு இன்னும் 1482. அவருக்கு அந்த எண்ணும் அவ்வளவு முக்கியமில்லை. பத்திரத்தில் எழுதுவது ராஜாவின் ஆட்சியாண்டை. அந்தக் குமாஸ்தாவின் திண்டாட்டத்தை நினைத்துப் பாருங்கள். மார்ச் 3 வரை நான்காம் எட்வர்டின் 22ஆம் ஆண்டு. மறுநாளிலிருந்து 23ஆம் ஆண்டு. ஏப்ரல் 9இல் ராஜா இறந்ததும் ஐந்தாம் எட்வர்டின் முதலாம் ஆண்டு. ஜூன் 26இலிருந்து மூன்றாம் ரிச்சர்டின் முதலாம் ஆண்டு. நான்கு மாதத்துக்குள் நான்கு தலைப்பு.

அந்த வருஷத்தில் வாழ்ந்தவர்கள் பேசிக்கொண்டது இதைத்தான். பிறப்புப் பத்தியை எப்போதும் பிற்காலத்தவர்தான் நிரப்புகிறார்கள். மான்ஸ்ஃபெல்டுக்குப் பிழைக்கப் போகவிருந்த ஒரு செம்பு உலைக்காரர் வீட்டில் லூதர் பிறந்ததை யார் கவனித்தார்கள்? அதே வருஷம் ஆகஸ்ட் 15இல் ரோமில் போப் நான்காம் சிக்ஸ்டஸ் தன் பெயரிலான சிஸ்டைன் சிற்றாலயத்தை அர்ச்சித்தார். கூரையில் அப்போது நீலவானமும் பொன் நட்சத்திரங்களும்தான். மைக்கலாஞ்சலோவுக்கு எட்டு வயது. ஏப்ரல் 25இல் மிலானில் லியனார்டோ டா வின்சி ஒரு பலிபீட ஓவியத்துக்கு ஒப்பந்தம் போட்டார், டிசம்பர் 8 திருநாளுக்குள் முடித்துத் தருவதாக. கூலித் தகராறில் இழுத்து இழுத்து, இரண்டாவது பிரதி வந்துசேர 25 வருஷம் ஆனது. குரோவாசியர்களின் முதல் அச்சுப் புத்தகம் பிப்ரவரியில் வந்தது. ஸ்பெயினில் டொர்க்கமாடா, மதத்துக்கு மாறானவர்களைத் தண்டிக்கும் திருச்சபை விசாரணை மன்றத்தின் தலைமைக்கு வந்தார். விஜயநகரத்தில் இரண்டாம் விருபாட்சர் பேருக்கு ஆண்டுகொண்டிருந்தார். இரண்டே வருஷத்தில் சாளுவ நரசிம்மர் சிம்மாசனத்தை எடுத்துக்கொண்டார்.

உங்கள் மூவரில் இருவருக்கு நிஜமாகவே ஒரு தொடர்பு உண்டு. அது பிறந்த வருஷத்தில் இல்லை. 1510 இறுதியிலோ 1511இலோ லூதர் ஒரு சாதாரணத் துறவியாக, மடத்து வேலையாக ரோமுக்கு வந்தார். அப்போது ரஃபேல் வாடிகனுக்குள் போப்பின் அறைச் சுவர்களில் வரைந்துகொண்டிருந்தார். இருவரும் சந்தித்ததாகச் செய்தி ஏதும் இல்லை, சந்திக்கக் காரணமும் இல்லை. 1514இல் ரஃபேல் புனித பேதுரு பேராலயக் கட்டுமானத்தின் தலைமைக் கட்டடக் கலைஞரானார். அந்தக் கட்டடச் செலவுக்காக ஜெர்மனியில் பாவமன்னிப்புச் சீட்டு விற்றார்கள். அதை எதிர்த்துத்தான் 1517இல் லூதர் 95 வாதக் கருத்துகளை எழுதினார். போப் பத்தாம் லியோவின் உருவத்தை ரஃபேல் வரைந்தார். ரஃபேல் இறந்து இரண்டு மாதம் கழித்து அதே லியோ லூதருக்கு எச்சரிக்கை ஆணை அனுப்பினார். இதில் கிரகத்துக்கு என்ன வேலை? பணத்துக்குத்தான் இருந்தது.

ஆனால் எனக்கு உங்கள் பக்கத்தில் மிகவும் உறுத்துவது நிகழ்வுப் பத்திதான். லண்டன்.

நான்காம் எட்வர்டு இறந்தபோது மூத்த மகனுக்கு 12 வயது. இளையவனுக்கு 9. மூத்தவனை முடிசூட்ட லண்டனுக்கு அழைத்துவரும் வழியிலேயே சித்தப்பா ரிச்சர்டு எதிர்ப்பட்டார். கூட வந்த தாய்மாமனைக் கைது செய்தார். பிள்ளையைத் தான் பத்திரமாகக் கூட்டிப்போவதாகச் சொன்னார். அம்மா எலிசபெத் இளைய மகனையும் பெண்களையும் இழுத்துக்கொண்டு வெஸ்ட்மின்ஸ்டர் மடத்தில் தஞ்சம் புகுந்தாள். ஜூன் 16இல் கேன்டர்பரி பேராயர் போய், தம்பி இல்லாமல் அண்ணனுக்கு முடிசூட்டுவது நன்றாயிருக்காது என்று பேசி அந்தச் சின்னவனையும் வாங்கிவந்தார். இருவரும் லண்டன் கோபுரக் கோட்டையில். முடிசூட்டு நாள் தள்ளிப்போனது. பிறகு பிள்ளைகளின் பெற்றோர் கல்யாணமே செல்லாது என்று பிரசங்கம் வந்தது. ஜூலை 6இல் முடிசூட்டு விழா நடந்தது, சித்தப்பாவுக்கு. கிரீடத்தை வைத்தவர் அதே பேராயர்.

அப்போது லண்டனில் டொமினிக்கோ மன்சினி என்ற இத்தாலியர் தங்கியிருந்தார். பிரான்சுக்குத் திரும்பி அந்த வருஷக் கடைசிக்குள்ளேயே கண்டதையும் கேட்டதையும் எழுதிவைத்தார். அந்தக் கையெழுத்துப் பிரதி 1934இல்தான் பிரான்சின் லீல் நகர நூலகத்தில் அகப்பட்டது. அண்ணன் தம்பி இருவரையும் கோட்டையின் உள்ளறைகளுக்குக் கொண்டுபோனார்கள், கம்பிக்கும் ஜன்னலுக்கும் பின்னால் தெரிவது நாளுக்கு நாள் குறைந்தது, பிறகு தெரியவே இல்லை என்கிறார். கடைசியாகப் பார்த்த வைத்தியர் சொன்னதையும் எழுதியிருக்கிறார். பெரியவன் தினமும் பாவசங்கீர்த்தனம் செய்தானாம், சாவு வருகிறது என்று நினைத்து. 12 வயதுப் பிள்ளை. அவன் பேச்சை எடுத்தாலே பெரிய ஆண்கள் அழுததை மன்சினி நேரில் பார்த்திருக்கிறார்.

இப்போது பாபரிடம் வருவோம். 1494இல் அவருடைய அப்பா உமர் ஷேக் மிர்ஸா, மலைவிளிம்பில் கட்டிய புறாக்கூடு சரிந்து அதோடு பள்ளத்தில் விழுந்து இறந்தார். பாபர் தன் வரலாற்றைத் தொடங்குவதே தன் 12ஆம் வயதில் ஃபெர்கானாவுக்கு அரசரானதைச் சொல்லித்தான். அந்த நேரம் ஒரு பக்கம் சமர்கந்திலிருந்து பெரியப்பா படையோடு வந்துகொண்டிருந்தார். இன்னொரு பக்கம் தாஷ்கந்திலிருந்து தாய்மாமன். அதே வயது, அதே மாதிரிச் சொந்தக்காரர்கள். பெரியப்பாவின் படை வழியில் ஒரு சேற்று ஆற்றைக் கடக்க நேர்ந்தது. குறுகிய பாலம். நெரிசலில் குதிரைகளும் ஒட்டகங்களும் விழுந்து செத்தன. மிச்சமிருந்த குதிரைகளுக்குக் கொள்ளைநோய். கூட்டம் கூட்டமாகச் சாய்ந்தன. பெரியப்பா ஏதோ ஒரு சமாதானம் பேசிக்கொண்டு திரும்பினார், ஊர் போய்ச் சேருமுன்னே இறந்தும்போனார். அந்தப் பாலம் கொஞ்சம் அகலமாக இருந்திருந்தால் உங்கள் பிறப்புப் பத்தியில் பாபர் இருந்திருப்பாரா?

அறைத்தோழரிடம் இந்தக் குதிரைகளைப் பற்றிக் கேளுங்கள். அவற்றுக்கும் ஜாதகம் உண்டா என்று.

இறப்புப் பத்தியையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நான்காம் எட்வர்டு, ஏப்ரல் 9. பிரெஞ்சு மன்னர் பதினோராம் லூயி, ஆகஸ்ட் 30. ரிச்சர்டை அரியணையேற்றிவிட்டுப் பிறகு கலகம் செய்த பக்கிங்காம் பிரபு, தலை வெட்டப்பட்டது நவம்பர் 2. எல்லோருக்கும் தேதி இருக்கிறது. அந்த இரண்டு பிள்ளைகளுக்கு மட்டும் கேள்விக்குறி. 1674இல் கோட்டைப் படிக்கட்டின் அடியில் சின்ன எலும்புகள் கிடைத்து, அரசர் இரண்டாம் சார்லஸ் அவற்றை வெஸ்ட்மின்ஸ்டரில் ஒரு சலவைக்கல் தாழியில் வைத்தார். அவை அவர்களுடையவைதானா என்பதற்கு முடிவு இல்லை. மூத்தவன் எப்படி இறந்தான், இறந்தானா என்றே தன்னால் கண்டுபிடிக்க முடியவில்லை என்று மன்சினி எழுதிவிட்டார். பக்கத்திலேயே இருந்தவர் அவர்.

தேர்வுக்கு: பாபர், 1483 பிப்ரவரி 14, அந்திஜான். இதை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.