அப்பாவுக்கு லிவர் கேன்சர், இம்யூனிட்டி ஏத்த கிலோய் குடுக்கலாமா?

மும்பை செம்பூர்ல இருந்து ஒரு வாசகி கேட்டிருக்காங்க. அப்பாவுக்கு 61 வயசு, ரொம்ப வருஷமா ஹெபடைடிஸ் பி, மாத்திரையை நடுவுல விட்டுட்டாராம். இப்ப லிவர் கேன்சர், ஆபரேஷன் முடியாது, நம்ம எதிர்ப்பு சக்தியை வச்சே கேன்சரைத் தாக்குற இம்யூனோதெரபி ஊசின்னு சொல்லிட்டாங்க. எதிர்ப்பு சக்தி கம்மியானதாலதான் வந்துச்சு, கிலோய் கஷாயம் குடுன்னு சொந்தக்காரங்க சொல்றாங்க, ஊசியோட அதையும் குடுக்கலாமான்னு கேள்வி.

வேண்டாம்மா. ஆரம்பிச்சிருந்தா இன்னிக்கே நிறுத்திட்டு, குடுத்த விஷயத்தை ஆன்காலஜிஸ்ட், அதாவது கேன்சர் டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லிடுங்க. கிலோய்ங்கறது நம்ம சீந்தில் கொடிதான், இங்க குள்வேல்னும் விக்கிறாங்க, இம்யூனிட்டி மாத்திரைன்னு வர்ற டப்பாலயும் இருக்கும், லேபிளைப் பாருங்க. கொரோனா சமயத்துல இதைச் சாப்பிட்டு லிவர் பாதிச்ச 6 பேரைப் பத்தி இதே மும்பை டாக்டருங்க 2021ல எழுதினாங்க, எதிர்ப்பு சக்தி சொந்த லிவரையே தாக்குற மாதிரிப் பாதிப்பு அது.

எதிர்ப்பு சக்தி கம்மியாகித்தான் கேன்சர் வந்துச்சுங்கறதும் சரியில்ல. ஹெபடைடிஸ் பி வைரஸ் லிவர் செல்லைப் பெரும்பாலும் நேரடியா கொல்றதில்ல, வைரஸ் புகுந்த செல்லைத் தேடிப் போய் கொல்றது நம்ம எதிர்ப்பு சக்தியோட சிப்பாயான டி செல்தான். ஆனா வைரஸை முழுசா ஒழிக்க முடியாம வருஷக்கணக்கா அந்தச் சண்டை நடக்குது, செல் சாகுது, புதுசு முளைக்குது, தழும்பு விழுது, அதுதான் சிரோசிஸ், இப்படித் திரும்பத் திரும்ப முளைக்கும்போது ஏதோ ஒரு செல்லுல ஜீன் தப்பாகிடுது. வைரஸ் தன்னோட டிஎன்ஏவையும் நம்ம செல்லுக்குள்ள சொருகிடும், அதனால சிரோசிஸ் இல்லாமலும் கேன்சர் வரலாம்.

இன்னொண்ணு, லிவருக்குப் போற ரத்தத்துல முக்கால்வாசி குடல்ல இருந்து வருது. சாப்பாட்டுத் துகள், பாக்டீரியா துண்டு எல்லாத்துக்கும் கோபப்பட்டா லிவர் தாங்காது, அதனால பொறுத்துப் போறதுதான் அதோட சுபாவம், கேன்சருக்கும் அது சாதகமாகிடுது. சண்டை போட்டுக் களைச்ச டி செல் மேல பிடி-1னு ஒரு பிரேக் ஏறி நிக்கும், கேன்சர் அதை அமுக்கிப் பிடிச்சுக்குது. அட்டிசோலிசுமாப்ங்கற இம்யூனோதெரபி ஊசி அந்தப் பிரேக்கை விடுவிக்குது, கூடப் போடற பெவசிசுமாப் கட்டிக்குப் போற ரத்தக் குழாய் வளர்ச்சியைத் தடுக்குது. இந்தக் கஷாயம் அந்தப் பிரேக்கை விடுவிக்கும்ங்கறதுக்கு ஆதாரம் இல்ல. 2020ல வெளியான ட்ரயலோட பின்னாடி வந்த கணக்குல, பாதிப் பேர் தாண்டின ஆயுசு பழைய சொராஃபெனிப் மாத்திரையில 13.4 மாசம், இந்த ஜோடியில 19.2 மாசம். 100 பேர்ல சுமார் 30 பேருக்குத்தான் கட்டி நல்லா சுருங்குது, அப்பா அதுல ஒருத்தரா இருக்கணும்னு மனசார ஆசைப்படறேன், ஆனா நிச்சயம்னு சொல்ல முடியாது.

பரேல் டாடால பாத்தாலும் சரி பிரைவேட்ல பாத்தாலும் சரி, முதல் ஊசிக்கு முன்னாடி எண்டோஸ்கோப்பி ஆச்சான்னு கேளுங்க. சிரோசிஸ் இருந்தா உணவுக்குழாய்ல ரத்தக் குழாய் புடைச்சிருக்கலாம், பெவசிசுமாப் போட்டா அது வெடிச்சு ரத்தம் கக்க வைக்கலாம், முன்னாடியே ரப்பர் வளையம் (பேண்ட்) மாட்டிக் கட்டிடலாம். மலம் தார் மாதிரி கறுப்பாப் போனா ராத்திரின்னு பாக்காம எமர்ஜென்சி போயிடுங்க. விட்டுப்போன வைரஸ் மாத்திரையை, டெனோஃபோவிரோ என்டெகாவிரோ, டாக்டர்கிட்ட கேட்டு உடனே திரும்ப ஆரம்பிங்க, அப்புறம் நீங்களா நிறுத்தவே கூடாது.

பிரேக் விட்ட டி செல் குடல், நுரையீரல், தைராய்டு, லிவர்னு எங்க வேணாலும் பாயலாம். பேதி, மூச்சு வாங்கறது, கண்ணு மஞ்சளாகறது, அளவுக்கு மீறின அசதி, எது வந்தாலும் பக்கத்து மெடிக்கல்ல மாத்திரை வாங்கிக் குடுக்காம ஆன்காலஜி டீமுக்கே போன் பண்ணுங்க, சீக்கிரம் ஸ்டீராய்டு குடுத்தா பெரும்பாலும் அடங்கிடும்.

அப்புறம் நீங்க, அம்மா, கூடப் பிறந்தவங்க எல்லாரும் ஹெபடைடிஸ் பி டெஸ்ட் எடுத்துடுங்க. இதுவரைக்கும் தொற்றே இல்லன்னு தெரிஞ்சு ஊசியும் போடாதவங்க 0, 1, 6 மாசக் கணக்குல மூணு தடுப்பூசி போட்டுக்கணும், இருக்குன்னு வந்தா லிவர் டாக்டரைப் பாக்கணும்.