கூம்பு ஏற்றிய கேப்டன்

கேள்வி: ‘துறைமுகத்தில் 3-ம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது’ என்று செய்தியில் வாசிக்கிறார்களே, இந்த வழக்கத்துக்கு முன்னோடி யார்?
– வாசகி, நாகப்பட்டினம்

பதில்: முக்கியமான முன்னோடி என்று நான் சொல்வது பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ராபர்ட் ஃபிட்ஸ்ராயைத்தான். டார்வினை ஏற்றிக்கொண்டு உலகைச் சுற்றிவந்த பீகிள் கப்பலின் கேப்டன் என்றால் சட்டென்று தெரியும். 23 வயதில் அந்தக் கப்பலுக்குத் தலைமை ஏற்றவர். பிறகு நாடாளுமன்ற உறுப்பினர், நியூசிலாந்து கவர்னர் என்று பதவிகள். அவற்றையெல்லாம்விட, 1854-ல் பிரிட்டிஷ் வர்த்தக வாரியத்தில் அவர் தொடங்கிய சிறிய வானிலை அலுவலகத்தைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

1859 அக்டோபரில், மெல்போர்னிலிருந்து தங்கத்தோடு லிவர்பூல் திரும்பிய ‘ராயல் சார்ட்டர்’ கப்பல், ஊரை நெருங்கிய வேளையில் வேல்ஸின் ஆங்கிள்சி கரைப் பாறைகளில் மோதி நொறுங்கியது. சுமார் 450 பேர் மாண்டார்கள். ஃபிட்ஸ்ராய் அந்தப் புயலை விடவில்லை. எங்கே, எப்போது, எந்தத் திசைக் காற்று அடித்தது என்று விவரம் திரட்டி வரைபடம் போட்டார். புயலைவிடத் தந்தி வேகமாகப் போகும்; அடுத்த துறைமுகத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று வாதாடினார்.

1861-ல் அது நடந்தது. லண்டனிலிருந்து தந்தி வந்ததும் துறைமுகக் கம்பத்தில் கித்தான் கூம்பு ஏறும். முனை மேலே இருந்தால் வடக்கிலிருந்து பலத்த காற்று, கீழே இருந்தால் தெற்கிலிருந்து. கூம்போடு உருளையும் தொங்கினால் கடும் புயல். இரவில் விளக்குகளை முக்கோணமாகக் கட்டினார்கள். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாத மீனவரும் படகில் இருந்தபடியே புரிந்துகொள்ளலாம். எவ்வளவு அக்கறையான ஏற்பாடு பாருங்கள்!

அதே ஆண்டு ஆகஸ்ட் 1-ல் ‘டைம்ஸ்’ நாளிதழில் அவருடைய வானிலைக் கணிப்பும் வரத் தொடங்கியது. கணிப்பு பொய்த்தபோது கேலி செய்தார்கள். உடலும் மனமும் நொந்து, 1865 ஏப்ரல் 30-ல் உயிரை மாய்த்துக்கொண்டார். போதிய அறிவியல் ஆதாரம் இல்லை என்று ஒரு குழு சொல்ல, மறு ஆண்டு எச்சரிக்கையையும் நிறுத்தினார்கள். கடலோடிகள் சும்மா இருப்பார்களா? எதிர்ப்பு கிளம்பி, 1867-ல் கூம்பு மீண்டும் ஏறியது.

சொந்தப் பணத்தைப் பொதுக் காரியத்துக்கே செலவழித்தவர் என்பதால் குடும்பம் கடனில் நின்றது. பரிணாமக் கொள்கையில் அவரோடு கடைசிவரை ஒத்துப்போகாத டார்வின், அந்தக் குடும்பத்துக்காகத் திரட்டிய நிதிக்கு 100 பவுண்டு கொடுத்தார்.