பள்ளி நூலகம்: எந்தப் புத்தகம் உள்ளே வரும், எது வெளியே போகும்?

பள்ளி நூலகத்துக்குப் புத்தகம் எடுப்பது பற்றியும், அங்குள்ள கணினி, மின்னூல், இணையம் பற்றியும் பெற்றோர், ஆசிரியர், மாணவர் எல்லோரும் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, ஒரு பள்ளி நூலகராகப் பதில் சொல்கிறேன்.

பதிப்பகத்தார் அனுப்பும் பட்டியலில் டிக் அடித்துத்தானே புத்தகம் வாங்குகிறீர்கள்? (ஒரு பெற்றோர்)

அப்படிச் செய்தால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் பட்டியல் விற்பவருடையது. அவருக்கு எது தேங்கிக் கிடக்கிறதோ அதுவும் முதல் பக்கத்தில் பளபளவென்று இருக்கும். நான் முதலில் பார்ப்பது இரவல் பதிவைத்தான். எந்த அடுக்கு அடிக்கடி காலியாகிறது, எந்தப் புத்தகத்துக்குப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள் என்று அதில் தெரிந்துவிடும். அடுத்து, மேசையில் கிடக்கும் வேண்டுகோள் நோட்டு. அதில் பாதி ஒரே தொடரின் அடுத்த பாகத்தைக் கேட்டு எழுதியதாக இருக்கும், பரவாயில்லை. அப்புறம் ஆசிரியர்களிடம் அடுத்த பருவத்தில் என்ன பாடம் வருகிறது என்று கேட்டுக்கொள்வேன்.

பணம் கொடுக்கும் முன் முடிந்தவரை புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். நடுவில் விரித்து மேசைமேல் வைத்தால் முதுகு படக்கென்று விரிசல் விடுகிறதா, பக்கம் தளர்கிறதா என்று தெரியும். பசை மட்டும் போட்டு ஒட்டியது பல கைகளுக்குத் தாங்காது. தைத்த பைண்டிங்குக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். பிறகு பதிப்பு விவரப் பக்கம். அட்டையில் ‘புதிய பதிப்பு’ என்று இருக்கும், உள்ளே பார்த்தால் பழைய நூலின் மறு அச்சு. சூரியக் குடும்பம் பற்றிய நூல் என்றால் நான் நேராகப் புளூட்டோவைத் தேடிப் போவேன். 2006-இல் சர்வதேச வானியல் ஒன்றியம் அதைக் குறுங்கோள் என்று வகை மாற்றிவிட்டது. அதற்கு வெகுகாலம் கழித்து அச்சான நூலிலும் ‘ஒன்பது கோள்கள்’ என்றே இருந்தால், மற்ற பக்கங்களை மட்டும் எழுதியவர் சரிபார்த்திருப்பாரா என்ன?

காமிக்ஸுக்கும் பேய்க்கதைக்கும் எதற்குப் பணம்? நல்ல நூல்கள் வாங்கக் கூடாதா? (இன்னொரு பெற்றோர்)

இந்திய நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் வேண்டும் என்பது. மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் வேண்டும் என்பது. நீங்கள் சொல்லும் ‘நல்ல நூல்’ பல நேரம் இந்த மூன்றாவதில் தோற்றுவிடுகிறது: தங்க எழுத்து அட்டை, உள்ளே கசங்காத தாள், பின்னால் ஒட்டிய தேதிச் சீட்டில் ஒரு முத்திரைகூட இல்லை. பேய்க்கதை முடித்த பையன் அடுத்து என்ன இருக்கிறது என்று மேசைக்கு வருகிறான். அந்த நேரத்தில் அவன் கையில் வேறொன்றைக் கொடுக்கலாம். வராதவனுக்கு எதைக் கொடுப்பது?

பழைய புத்தகங்களைக் கழித்துவிடுகிறீர்களாமே, மனசு வருகிறதா? (ஓர் ஆசிரியர்)

வருகிறது. கிழிந்தது, தவறான தகவல் உள்ளது, புதிய பதிப்பு வந்துவிட்டது, யாரும் தொடாதது, இவை நிற்கும் இடத்தில் வேறொன்று நிற்கலாம். வேறெங்கும் கிடைக்காத நூல், பள்ளியின் பழைய ஆண்டு மலர் ஆகியவற்றைத் தொட மாட்டேன்.

மின்னூல் வெறும் கோப்புதானே? ஒருவர் படித்துக்கொண்டிருந்தால் நான் ஏன் காத்திருக்க வேண்டும்? (ஒன்பதாம் வகுப்பு மாணவி)

நியாயமான கேள்வி. நூலகம் பெரும்பாலும் மின்னூலை வாங்குவதில்லை, உரிமம்தான் எடுக்கிறது. ஓர் உரிமத்துக்கு ஒரு நேரத்தில் ஒரு வாசகர் என்பது பரவலான நிபந்தனை. சில உரிமங்கள் குறிப்பிட்ட காலத்தோடு முடியும், சில இத்தனை இரவல் என்ற கணக்கோடு முடியும். 2011-இல் ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம் 26 இரவலோடு உரிமம் முடியும் என்று அறிவித்தபோது நூலகர்கள் கொதித்துப் போனார்கள். 27-ஆவது பிள்ளைக்காக அதே நூலுக்கு மறுபடி பணம் கட்ட வேண்டுமே. அதனால் எல்லோரும் கேட்கும் நூலை அச்சில் சில பிரதிகள் வாங்கிவிடுவது என் வழக்கம். காப்புரிமை முடிந்த பழைய நூல்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. 1971-இல் தொடங்கிய புராஜெக்ட் குட்டன்பர்க் மாதிரியான தளங்களில் காத்திருக்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

சாட்பாட் ஐந்து புத்தகங்கள் சொன்னது. இரண்டு உங்கள் பட்டியலிலும் இல்லை, கடையிலும் இல்லை. எங்கே கிடைக்கும்? (பதினோராம் வகுப்பு மாணவர்)

அநேகமாக எங்கேயும் கிடைக்காது. தலைப்பு, ஆசிரியர் பெயர், ஆண்டு எல்லாம் பொருத்தமாகச் சேர்த்து, இல்லாத நூலை இருப்பதுபோல் சொல்வது அதற்குக் கைவந்த கலை. ஐஎஸ்பிஎன், அதாவது நூலுக்குரிய தனி அடையாள எண், கொடுத்திருந்தால் ஒரு சோதனை செய்யலாம். 2007 முதல் அது 13 இலக்கம். இலக்கங்களை வரிசையாக 1, 3, 1, 3 என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டினால் மொத்தம் பத்தால் மீதியின்றி வகுபட வேண்டும். வகுபடவில்லை என்றால் அந்த எண் தப்பு. வகுபட்டாலும் நூல் இருக்கிறது என்று உறுதியாகாது, பெரிய நூலகம் ஒன்றின் இணையப் பட்டியலில் தேடித்தான் முடிவுக்கு வர வேண்டும்.

இணையத் தகவலை நம்பலாமா என்று பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித்தருவது? (ஓர் ஆசிரியர்)

அந்தப் பக்கத்தையே உற்று உற்றுப் பார்க்கச் சொல்லாதீர்கள். அழகான வடிவமைப்பும் ‘எங்களைப் பற்றி’ பகுதியும் யார் வேண்டுமானாலும் போடலாம். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வரலாற்றுப் பேராசிரியர்களையும் மாணவர்களையும் தொழில்முறைத் தகவல் சரிபார்ப்பவர்களையும் ஒப்பிட்டார்கள். சரிபார்ப்பவர்கள் சீக்கிரமே அந்தத் தளத்தை விட்டு வெளியேறி, புதிய தாவல்களைத் திறந்து, அதை நடத்துவது யார் என்று மற்றவர்கள் சொல்வதைத் தேடினார்கள். வகுப்பில் செய்யச் சுலபம். ஒரு சத்துபானத் தளத்தைக் காட்டி, அதைப் படிக்காமலே அதன் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். விக்கிப்பீடியாவையும் தடை செய்ய வேண்டாம், கட்டுரையின் அடியில் உள்ள மேற்கோள்களுக்குப் போகப் பழக்குங்கள்.

என் மகள் இந்த ஆண்டு எடுத்த புத்தகங்களின் பட்டியல் வேண்டும். (ஒரு பெற்றோர்)

கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை என்று புரிகிறது. ஆனாலும் முதலில் அவளிடமே கேளுங்கள் என்றுதான் சொல்வேன். வளரும் பிள்ளை உடம்பைப் பற்றியோ மனச்சோர்வைப் பற்றியோ ஒரு புத்தகத்தைத் தயங்கித் தயங்கி எடுத்துப் போகும். பட்டியல் வீட்டுக்குப் போகும் என்று தெரிந்தால் அடுத்த முறை அந்த அடுக்குப் பக்கமே வராது, அதே கேள்வியைக் கைப்பேசியில் முகம் தெரியாத யாரிடமாவது கேட்கும். கோஹா போன்ற நூலக மென்பொருள்களில் புத்தகம் திரும்பியதும் யார் எடுத்தார் என்ற விவரத்தை நீக்கும் வசதியே உண்டு. உங்கள் பள்ளியின் விதி என்ன சொல்கிறது என்று நூலகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நூலகக் கணினியில் மின்னஞ்சல் பார்க்கலாமா? (ஏழாம் வகுப்பு மாணவர்)

பார்க்கலாம். ‘கடவுச்சொல்லைச் சேமிக்கவா’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல். முடித்ததும் உன் கணக்கிலிருந்து வெளியேறு, ஜன்னலை மூடினால் மட்டும் போதாது. உனக்கு முன்னால் உட்கார்ந்தவர் கணக்கு திறந்து கிடந்தால் படிக்காமல் மூடிவிடு.

வீட்டில் நிறையப் பழைய புத்தகங்கள் இருக்கின்றன. நூலகத்துக்குத் தரலாமா? (ஒரு பெற்றோர்)

தாராளமாக. பாடத்திட்டம் மாறிப்போன கைடுகளும் பூஞ்சை பிடித்தவையும் மட்டும் வேண்டாம், பூஞ்சை பக்கத்து நூலுக்கும் தாவும். மூட்டை கட்டுவதற்கு முன் முதுகுகள் தெரியும்படி அடுக்கி ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். எது வேண்டும் என்று பார்த்துச் சொல்லிவிடுவோம்.