டெல்லியில் நமக்கு ஒரு ஆள்

அன்புள்ள சார்,
எனக்கு மார்த்தாண்டம். இதழியல் படிக்கிறேன். டெல்லி நிருபராக வேண்டும் என்று ஆசை. ஆனால் பத்திரிகைகள் டெல்லி அலுவலகங்களைச் சுருக்குகின்றன, எல்லாப் பத்திரிகைக்கும் பொதுவாகச் செய்தி அனுப்பும் ஏஜென்சியே போதும் என்கிறார்கள். நாடாளுமன்றமே நேரலையில் வரும்போது அங்கே ஆள் எதற்கு என்று எனக்கும் தோன்றுகிறது. சம்பளமும் குறைவாமே. போகலாமா?
ஜெ.

அன்புள்ள ஜெ.,
இதழியல் படிக்கிற பிள்ளை எழுதுகிற வரியா இது? கேமரா பேசுகிறவரைத்தான் காட்டும். மக்களவையில் ஒரு நாளைக்கு வாய்மொழிப் பதிலுக்கு 20 கேள்விகள். அதில் நாலைந்துதான் அவையில் வரும். எழுத்தில் பதில் வருபவை 230. நம் ஊர் ரயிலும் துறைமுகமும் பெரும்பாலும் அந்த எழுத்துப் பதில்களுக்குள்தான் கிடக்கும். இணையத்தில் இருக்கிறதே என்பீர்கள். என்றைக்காவது திறந்து பார்த்தீர்களா?

அப்பாவுக்குக் குலசேகரம் பக்கம் 60 சென்ட் ரப்பர் இருந்தது. விடியும் முன்னே பால்வெட்டு, அப்புறம் ஷீட் அடிப்பு. விலை இறங்கினால் கடைக்காரரைத் திட்டுவார். கடைக்காரர் ரப்பர் சந்தை இருக்கும் கோட்டயத்தைக் கை காட்டுவார். இறக்குமதி வரியைத் தீர்மானிப்பது டெல்லி என்பது இருவருக்குமே தெரியாது.

2023 பட்ஜெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். இயற்கை ரப்பருக்கு இறக்குமதி வரி 25 சதவீதம் அல்லது கிலோவுக்கு 30 ரூபாய், எது குறைவோ அது. அதிலேயே வேறு சரக்கைக் கலந்து ‘கூட்டு ரப்பர்’ என்று கொண்டுவந்தால் 10தான். அந்த ஓட்டையை அடைக்க அதற்கும் அதே வரியைப் போட்டார்கள். மறுநாள் என் வீட்டுக்கு வந்த நாளிதழில் முதல் பக்கம் முழுக்க வருமான வரி. ரப்பர் உள்ளே எங்கோ ஒரே வாக்கியம். சரி, அந்த ஒரு வாக்கியமாவது முழுசா? தென்கிழக்கு ஆசிய நாடுகளோடு போட்ட ஆசியான் வணிக ஒப்பந்தச் சலுகையில் வருகிற கூட்டு ரப்பருக்கு இந்த உயர்வு பொருந்தாது. நம் சந்தைக்கு வருவதில் பெரும்பகுதி அந்த வழியில்தான். ஓட்டை அப்படியே இருக்கிறது. டெல்லியில் நம் ஆள் ஒருவர் இருந்து, ஊரிலிருந்து எடிட்டர் போனில் “நம்ம குலசேகரத்துக்காரனுக்கு இதுல என்னவே?” என்று கேட்டிருந்தால், அன்று சாயங்காலமே வணிக அமைச்சகத்தில் போய் நின்றிருப்பார். ஏஜென்சிக்காரருக்குக் குலசேகரம் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டிய அவசியம் இல்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது.

சம்பளத்தைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். போங்கள் தம்பி. போகுமுன் கொஞ்சம் இந்தி படித்துக்கொள்ளுங்கள்.

அப்பா ஒருமுறை அந்தக் கடைக்காரரோடு சண்டை போட்டுவிட்டு, ஷீட்டைத் தலையில் சுமந்துகொண்டு திற்பரப்பு வரை நடந்தார். அங்கேயும் அதே விலைதான். திரும்பி வந்து பழைய கடையிலேயே போட்டார். கடைக்காரர் ஒன்றும் பேசாமல் ஒரு சாயா வாங்கிக் கொடுத்தாராம்.