பிஸ்கட்டுக்கு வவுச்சர் உண்டா?

கேள்வி: எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் மேலாண்மைக் குழுத் தலைவியாக இருக்கிறேன். மாதக் கூட்டத்துக்குப் போனால் டீ, பிஸ்கட் தருகிறார்கள், கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள். பள்ளிக்கு வருஷத்துக்கு எவ்வளவு பணம் வருகிறது, எதற்குச் செலவாகிறது என்று கேட்டால் ‘அதெல்லாம் இப்ப ஆன்லைன்மா’ என்கிறார் தலைமையாசிரியர். பெற்றோர் இதிலெல்லாம் தலையிடலாமா?

– பெயர் வேண்டாம், தருமபுரி மாவட்டம்

பதில்: என்ன பிஸ்கட் அம்மா அது? மேரியா, பொறையா, இல்லை நடுவில் கிரீம் வைத்ததா?

கேலிக்குக் கேட்கவில்லை. குழுவில் 24 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். டீ பத்து ரூபாய், பிஸ்கட் ஐந்து ரூபாய். எல்லோரும் வந்தால் ஒரு கூட்டத்துக்கு 360, பன்னிரண்டு கூட்டத்துக்கு 4,320 ரூபாய். எல்லோரும் வருவதில்லை என்பது வேறு கதை. வராதவர் பிஸ்கட்டை வந்தவர் தின்பதும் உண்டு. இந்தப் பணத்தை யார் கொடுக்கிறார்? பள்ளி மானியத்தில் பிஸ்கட் என்று ஒரு தலைப்பு கிடையாது. ஆகவே மூன்றில் ஒன்று நடக்கிறது. தலைமையாசிரியர் தன் சட்டைப் பையிலிருந்து கொடுக்கிறார். அல்லது ஊர்ப் பெரியவர் யாராவது உபயம். அல்லது ‘சாக்பீஸ் 12 பெட்டி’ என்ற பில்லுக்குள் ஒரு கிலோ பிஸ்கட் ஒளிந்திருக்கிறது. முதலாவது என்றால் அவருக்கு ஒரு கும்பிடு போடுங்கள். கூட்டம் நடத்து என்று ஆணை போடுவது அரசு, வந்தவர்களைச் செயலியில் ஏற்று என்பது அரசு, டீ மட்டும் வாத்தியார் செலவு! மூன்றாவது என்றால், தணிக்கையின் முதல் பாடத்தை வாயில் போட்டு மென்றுகொண்டே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். அடுத்த கூட்டத்தில் சிரித்த முகத்தோடு, ‘சார், இந்த பிஸ்கட் எந்தக் கணக்குல?’ என்று கேட்டுப் பாருங்கள். கூட்டம் அப்போதுதான் கூட்டமாகும்.

‘தலையிடலாமா’ என்கிறீர்கள். தலையிடாவிட்டால்தான் தப்பு. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 21: குழுவில் நான்கில் மூன்று பங்குக்குக் குறையாமல் பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். குழுவின் வேலை பள்ளி நடப்பதைக் கண்காணிப்பது, பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பது, அரசிடமிருந்தோ வேறு யாரிடமிருந்தோ வரும் பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது. ‘வேறு யாரிடமிருந்தோ’ என்பதில் முன்னாள் மாணவர்களின் நன்கொடையும் அடங்கும். பிரிவு 22 இன்னும் ஒரு படி மேலே போகிறது: அரசு தரும் மானியத்துக்கும் போடும் திட்டத்துக்கும் நீங்கள் எழுதும் இந்தத் திட்டமே அடிப்படையாக இருக்க வேண்டும். நடைமுறையில் பணம் முதலில் வருகிறது, என்ன வாங்குவது என்ற சுற்றறிக்கை அதன் பின்னாலேயே வருகிறது, கடைசியில் திட்டம் எழுதப்படுகிறது. தாலி கட்டிய பிறகு பொருத்தம் பார்க்கிற கதை.

எவ்வளவு வருகிறது என்பது ராணுவ ரகசியம் இல்லை. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கூட்டுப் பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கைப்படி வருவது. 30 பேர் வரை ரூ.10,000, 100 வரை ரூ.25,000, 250 வரை ரூ.50,000, 1,000 வரை ரூ.75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். இதில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு சுகாதாரத்துக்கு. விளையாட்டுச் சாமான்களுக்குத் தனியாக, தொடக்கப் பள்ளிக்கு ரூ.5,000, நடுநிலைக்கு ரூ.10,000. நூலகத்துக்கு வேறு. எண்ணிக்கை யூ-டைஸ், அதாவது எல்லாப் பள்ளிகளின் விவரமும் ஏறும் அரசுத் தரவுத்தளம், அதன் பதிவிலிருந்து எடுக்கப்படும். 99 பிள்ளைகள் பதிவான பள்ளிக்கு 25,000, 101 பதிவானால் 50,000. ஆகவே முதல் வேலை, உங்கள் பள்ளி யூ-டைஸில் எத்தனை என்று பார்ப்பது. இரண்டு பெயர் விட்டுப்போனதில் பாதிப் பணம் போன பள்ளி இருக்கும். இல்லாத பெயர் இரண்டு சேர்ந்ததில் இரட்டிப்பான பள்ளியும் இருக்கும்.

இனி அந்த ‘ஆன்லைன்’. பணம் பொது நிதி மேலாண்மை இணையதளம் வழியாகக் கடைக்காரர் வங்கிக் கணக்குக்கே போகிறது, உண்மை. பழைய காசோலை போய்விட்டது. காகிதம் போய்விடவில்லை. பணம் நகர வேண்டுமானால் முதலில் ஒதுக்கீட்டுச் செயல்முறைகள், அதாவது இவ்வளவு பணம் என்று மேலிடம் போடும் ஆணை, வந்திருக்க வேண்டும். அதன் பிறகு குழுத் தீர்மானம், விலைப்புள்ளி (கொட்டேஷன்), பில், இருப்புப் பதிவேட்டில் வரவு, ரொக்கப் பதிவேட்டில் செலவு, கடைசியில் பயன்பாட்டுச் சான்றிதழ். தேதிகள் இந்த வரிசையில் ஓட வேண்டும். மார்ச் 14-இல் பில், மார்ச் 27-இல் தீர்மானம் என்றால், பொருள் வந்த பிறகு சம்மதம் கேட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். மார்ச்சில் இது அதிகம் நடக்கும். பணத்தைக் கடைசி நேரத்தில் விட்டு, முப்பத்தொன்றாம் தேதிக்குள் செலவழி என்று மேலிருந்து விரட்டுவார்கள். அதில் தலைமையாசிரியரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஜூலையிலேயே முன்னுரிமைப் பட்டியலைத் தீர்மானமாக எழுதி வைத்துவிட்டால் மார்ச் விரட்டலிலும் வாங்க வேண்டியதைத்தான் வாங்க முடியும்.

தீர்மானப் பதிவேட்டில் கவனிக்க வேண்டியவை: வருகைக் கையெழுத்தும் தீர்மானக் கையெழுத்தும் ஒன்றல்ல. வெற்றுப் பக்கத்தில் வரிசையாகக் கையெழுத்து வாங்கி, மேலே பிறகு எழுதிக்கொள்ளும் பழக்கம் பல இடங்களில் உண்டு. எழுதி முடித்து, வாசித்துக் காட்டிய பிறகு போடுங்கள். கடைசி வரிக்கும் கையெழுத்துக்கும் நடுவில் இடம் இருந்தால் ஒரு கோடு இழுத்து அடையுங்கள். பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். விலைப்புள்ளி மூன்று கடையிலிருந்து வந்திருக்கும். மூன்றிலும் ‘பக்கெட்’ ஒரே மாதிரித் தப்பாக எழுதியிருந்தால், மூன்று கடைக்கும் ஒரே கை. பில்லில் தேதி, பில் எண், பொருளின் அளவு, ஜிஎஸ்டி எண் இருக்கிறதா பாருங்கள். ‘இதர பொருட்கள் ரூ.8,000’ என்பது பில் இல்லை, மர்மக் கதை.

திட்டம் எழுதுவதற்கு வருகிறேன். மத்திய அரசின் 2010 விதிகளின்படி மூன்று ஆண்டுத் திட்டம், அதற்குள் மூன்று ஓராண்டுத் திட்டங்கள். நிதியாண்டு முடிய மூன்று மாதத்துக்கு முன், அதாவது டிசம்பருக்குள், தயாராக வேண்டும். வகுப்புவாரி மாணவர் எண்ணிக்கை, கூடுதல் ஆசிரியர், கூடுதல் கட்டடமும் தளவாடமும், அதற்கான பணம் என்று நான்கு விஷயம். ‘கழிப்பறை வசதி செய்து தர வேண்டும்’ என்று எழுதினால் அது கோரிக்கை மனு. இப்படி எழுதுங்கள்: ‘பெண்கள் கழிப்பறை நான்கு. இரண்டில் தாழ்ப்பாள் இல்லை. ஒன்றில் பீங்கான் உடைந்திருக்கிறது. மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை. அரை ஹெச்பி மோட்டார் உறுமுகிறது, சுற்றவில்லை.’ உறுமிச் சுற்றாத மோட்டாருக்குப் பெரும்பாலும் கண்டென்சர் போயிருக்கும், சில நூறு ரூபாய் வேலை. தண்ணீர் இல்லாமல் ஓடிக் காயில் கருகியிருந்தால் ரீவைண்டிங், அது ஆயிரங்களில். எலக்ட்ரீஷியனை ஒரு தரம் கூப்பிட்டுக் காட்டாமல் ‘புதிய மோட்டார்’ என்று எழுதும் பள்ளிகளே அதிகம்.

ஒவ்வொரு வரிக்கும் எதிரே யார் செய்ய வேண்டும் என்றும் எழுதுங்கள். தாழ்ப்பாளும் கண்டென்சரும் பள்ளி மானியத்தில் முடியும். புதுக் கட்டடம், சுற்றுச்சுவர் எல்லாம் உங்களைப் போன்ற ஒன்றியப் பள்ளிக்கு ஊரக வளர்ச்சித் துறை வழியாக வர வேண்டியவை; தூய்மைப் பணியாளர் மதிப்பூதியமும் அந்த வழிதான். அதற்கு வட்டார வளர்ச்சி அலுவலரிடம் போக வேண்டும், கிராம சபையில் தீர்மானமாக ஏற்ற வேண்டும். கிராம சபை ஆண்டுக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஆசிரியர் பற்றாக்குறை கல்வித் துறைக்கு. சட்டத்தின் அட்டவணையையே அளவுகோலாக வையுங்கள்: ஒன்று முதல் ஐந்து வரை 61 முதல் 90 பிள்ளைக்கு மூன்று ஆசிரியர், 91 முதல் 120-க்கு நான்கு. ‘எங்கள் பள்ளியில் ஒன்று முதல் ஐந்து வரை 94 பேர், மூன்று ஆசிரியர், ஒருவர் குறைவு’ என்று எழுதிய வரியை மறுப்பது கஷ்டம்.

பள்ளிச் சுவரைப் பற்றி இந்தப் பக்கத்தில் நான் ஏற்கெனவே சண்டை போட்டிருக்கிறேன், மறுபடியும் போடுகிறேன். மானியம் வந்ததும் பெயிண்ட் அடிப்பது ஒரு வியாதி. ஓதம் ஏறிய சுவரில் தேசத் தலைவர்களை வரைந்தால் அடுத்த மழைக்குத் தலைவர்கள் உரிந்து விழுவார்கள். மொட்டைமாடியில் நீர் இறங்கும் குழாயை வேப்பிலை அடைத்திருக்கும். ஆள் ஏறிக் கையை விட்டால் சரியாகிவிடும். அதற்கு விழா எடுக்க முடியாது, அதனால் யாரும் ஏறுவதில்லை. நன்கொடையாளர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் வாங்கித் தந்து, பெயர்ப் பலகை வைத்து, நாடாவும் வெட்டிவிடுவார்கள். ஃபில்டரைச் சில மாதத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும், மெம்பரேனை இரண்டு மூன்று வருஷத்தில் மாற்ற வேண்டும். அதற்கு யார் பணம்? இரண்டாம் வருஷத்தில் இயந்திரம் நிற்கும், பெயர்ப் பலகை மட்டும் பளபளக்கும். இனி யாராவது கொடுக்க வந்தால் மூன்று வருஷப் பராமரிப்புச் செலவையும் சேர்த்துக் கேளுங்கள். முகம் சுளித்தால், ‘துடைப்பமும் பினாயிலும் வாங்கிக் கொடுங்கள், புண்ணியம்’ என்று சொல்லுங்கள்.

1958-இல் நெ.து.சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஊர்ப் பள்ளிக்கு என்னென்ன குறை என்று முதலில் பட்டியல் எடுத்தார்கள், பிறகுதான் கொடுப்பவரைத் தேடினார்கள். இப்போது கொடுப்பவர் முதலில் வருகிறார், குறையை அவருக்கு ஏற்றபடி கண்டுபிடிக்கிறோம்.

அரசுக்கு இந்தக் குழுக்கள் நினைவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2022-இல் 13,331 தற்காலிக ஆசிரியர் இடங்களை நிரப்பும் பொறுப்பைப் பள்ளி மேலாண்மைக் குழுக்களிடம்தான் கொடுத்தார்கள். சம்பளம் 7,500, 10,000, 12,000 ரூபாய். மானியக் கணக்கு கேட்டால் ‘ஆன்லைன்மா’, நியமனத்துக்கு மட்டும் ‘நீங்களே பாத்துக்குங்க’. பழி வரும் இடத்தில் தலைவி முன்னே நிற்க வேண்டும்போல.

உங்கள் தலைமையாசிரியர் ‘இந்த வருஷம் பணமே வரலைம்மா’ என்று சொன்னால் உடனே சந்தேகப்படவும் வேண்டாம். மேலே சொன்ன ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 2024-25-க்கு ஒன்றிய அரசு தமிழ்நாட்டுக்குத் தர வேண்டிய ரூ.2,152 கோடியை, பி.எம்.ஸ்ரீ என்ற ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்று நிறுத்தி வைத்தது. டெல்லிக்கும் சென்னைக்கும் நடக்கிற மல்லுக்கட்டில் தருமபுரியில் கழிப்பறை தாழ்ப்பாள் இல்லாமல் கிடக்கிறது. வரவில்லை என்றால் வரவில்லை என்பதையே தேதியோடு தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள்.

அடுத்த கூட்டத்தில் முதல் தீர்மானம் இப்படி இருக்கட்டும்: ‘இந்த நிதியாண்டில் பள்ளிக்கு வந்த ஒதுக்கீடு, செலவு, மீதி மூன்றும் இன்று வாசிக்கப்பட்டு, பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டன.’ எழுத மறுத்தால், குழு சார்பில் பதிவு அஞ்சலில் கேளுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் சட்டத்தின் பிரிவு 32-இன்படி உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்தில் புகார் தரலாம். மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். திருப்தியில்லை என்றால் மேல்முறையீடு மாநில குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு. தகவல் உரிமைச் சட்டத்திலும் பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம், முப்பது நாளில் பதில் வர வேண்டும். அங்கே ‘ஏன் செலவழித்தீர்கள்’ என்று கேட்காதீர்கள்; ஏனுக்கு அந்தச் சட்டத்தில் பதில் கிடையாது. ‘ஒதுக்கீட்டுச் செயல்முறைகள், தீர்மானப் பதிவேடு, பில், இருப்புப் பதிவேடு, பயன்பாட்டுச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல், ஏப்ரல் முதல் மார்ச் வரை’ என்று கேளுங்கள்.