மெடிக்கலில் ஒரு அட்டை வாங்குவதற்கு முன்னால்

தடைக்காலம் முடிந்து ஜூன் 15-ல் படகுகள் கடலுக்குப் போன பிறகு எனக்கு வந்த கேள்விகளில் பெரும்பகுதி தூக்கத்தைப் பற்றியதுதான். கேட்டவர்கள் அனேகமாக எல்லாருமே ஏற்கெனவே கடையில் எதையோ கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். சீட்டு இல்லாமல் கொடுக்கிறார்கள் என்றால் அதில் ஆபத்து இருக்காது என்று நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

பாம்பனில் விசைப்படகு ஓட்டுகிறேன். வாரத்தில் மூன்று நாள் தொழில். காலையில் டோக்கன் வாங்கிப் போனால் மறுநாள் காலையில்தான் கரை. வீட்டில் படுக்கும் ராத்திரிகளில் தூக்கம் பிடிப்பதில்லை. அவில் போட்டுத் தூங்குகிறேன். முதலில் ஒன்று போதும், இப்போது இரண்டு. மூன்றாக்கலாமா டாக்டர்?

வேண்டாம் தம்பி. அவில் அரிப்புக்கும் தும்மலுக்கும் உள்ள மாத்திரை. நம்மை விழிப்பாக வைத்திருக்கும் ஹிஸ்டமின் என்ற பொருளை மூளையிலும் அடக்கிவிடுவதால்தான் கண் சொருகுகிறது. இந்த வகை மாத்திரைகளைத் தொடர்ந்து போட்டால் சில நாட்களிலேயே மூளை பழகிப்போகும். அதனால்தான் ஒன்று இரண்டானது. மூன்றாக்கினாலும் இதே கதைதான் நடக்கும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். போட்ட மருந்தில் பாதி உடம்பை விட்டுப் போவதற்கே அரை நாளுக்கு மேல் ஆகும். ராத்திரி பத்து மணிக்கு இரண்டு மாத்திரை போட்டுவிட்டு மறுநாள் காலை தொழிலுக்குப் போனால், சுக்கானைப் பிடிக்கும்போதும் மருந்து உள்ளேதான் இருக்கும். கண் திறந்திருக்கும், கை மட்டும் ஒரு நொடி பிந்தும். வலை இழுக்கும் விஞ்சில் ஓடும் கயிற்றுக்கு அந்த ஒரு நொடி போதும். அப்படி மாட்டிய ஒருவரின் கட்டைவிரலை நான் தைத்திருக்கிறேன். அவர் சட்டைப் பையில் நனையாமல் பாலித்தீனில் சுற்றி ஓர் அட்டை இருந்தது, அதில் நான்கு குழி காலி. "கயிறு வந்தது தெரிந்தது சார், கையை எடுக்கத்தான் தோன்றவில்லை" என்றார். இதோடு குடியும் சேர்ந்தால் மூச்சே மந்தமாகும்.

உங்கள் தூக்கம் கெட்டதற்குக் காரணம், வாரத்தில் மூன்று ராத்திரி உடம்புக்குப் பகல் மாதிரி ஆகிவிடுவதுதான். கரை வந்ததும் கறுப்புக் கண்ணாடி போட்டு வீடு போங்கள். வெயில் கண்ணில் பட்டால் விடிந்துவிட்டது என்று மூளை எழுந்து உட்கார்ந்துகொள்ளும். அறையை இருட்டாக்கி நாலு மணி நேரம் தூங்குங்கள். மத்தியானமே எழுந்துவிட்டால் அன்று ராத்திரித் தூக்கம் தானாக வரும். கடலில் கடைசிச் சில மணி நேரம் டீ வேண்டாம். வலை ஓடிக்கொண்டிருக்கும்போது முறை வைத்து அரை மணி நேரம் கண்ணயருங்கள், சுக்கானைப் பொறுப்பான ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும். வீட்டில் உங்கள் குறட்டையையும் கேட்கச் சொல்லுங்கள். குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வந்தால் மருத்துவரிடம் போயாக வேண்டும். அப்படிப்பட்டவர்களுக்குத் தூக்கம் தரும் எந்த மாத்திரையும் கூடுதல் ஆபத்து.

கீழக்கரை. கணவர் துபாயில். அங்கிருந்து தூக்கத்துக்கு மிட்டாய் மாதிரி ஒன்று அனுப்பினார், மெலடோனின் என்று போட்டிருக்கிறது. இயற்கையானது என்கிறார்கள். தினமும் சாப்பிடலாமா?

மெலடோனின் நம் உடம்பே இருட்டியதும் சுரக்கிற பொருள்தான். இரவு வந்துவிட்டது என்று உடம்புக்கு நேரம் சொல்வது அதன் வேலை. ஆளை அடித்துப் போடும் மருந்து அல்ல அது. நாடு விட்டு நாடு போகும்போது நேரம் மாறிப்போனவர்களுக்கு உதவும். மாதக்கணக்கான தூக்கமின்மைக்கு அதனால் பெரிய பலன் இல்லை. மிட்டாய் வடிவில் வருவதில் இன்னொரு சிக்கல் உண்டு. அமெரிக்காவில் விற்கும் 25 வகைகளைச் சோதித்து 2023-ல் ஒரு மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். 22 வகைகளில் அட்டையில் போட்டிருந்த அளவும் உள்ளே இருந்த அளவும் பொருந்தவில்லை. ஒன்றில் மூன்று மடங்குக்கு மேல், இன்னொன்றில் மருந்தே இல்லை.

உங்கள் கேள்வியின் பின்பாதியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். கணவர் வேலை முடிந்து சமைத்துச் சாப்பிட்டு அங்கே பத்தரைக்குப் போன் செய்கிறார். அப்போது இங்கே பன்னிரண்டு. ஒரு மணி வரை பேசிவிட்டு சுபுஹுத் தொழுகைக்கு விடியலிலேயே எழுகிறீர்கள். இதற்கு எந்த மிட்டாயும் ஈடு கொடுக்காது, அம்மா. அவருடைய மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், இங்கே இரண்டரை மணிக்கு, பேசிப் பாருங்கள். ராத்திரிப் பேச்சை வெள்ளிக்கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம். அந்த டப்பாவைப் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், மிட்டாய் என்றே நினைப்பார்கள்.

பாலில் ஜாதிக்காய் அரைத்துக் குடிக்கலாமா? – தொண்டி

ஒரு சிட்டிகை உரசிக் கலந்தால் கெடுதல் இல்லை. முழுக்காயை அரைத்துக் குடித்தால் படபடப்பு, வாந்தி, புத்தி தடுமாற்றம் வரை போகும். தூக்க மாத்திரை போடுகிறவர்கள் அதோடு சேர்க்க வேண்டாம்.

தேவிபட்டினத்தில் இருக்கும் அப்பாவுக்கு 74 வயது, சர்க்கரை உண்டு. ராத்திரி தூங்காமல் நடமாடுகிறார் என்று சளி மாத்திரை ஒன்று கொடுத்து வந்தோம். பத்து நாளாக நடுராத்திரியில் எழுந்து சம்பந்தமில்லாமல் பேசுகிறார். மாத்திரையைக் கூட்டலாமா?

இன்றைக்கே நிறுத்துங்கள். அந்தப் பேச்சே மாத்திரையால் வந்ததாக இருக்கலாம். பழைய தலைமுறைச் சளி, அலர்ஜி மாத்திரைகள் வயதானவர்களுக்கு மூளைக் குழப்பத்தை உண்டாக்கும். விழுந்து இடுப்பெலும்பு முறிவதும் இதில் சேர்த்தி. ஆண்களுக்கு புராஸ்டேட் வீக்கம் இருந்தால் சிறுநீர் அடைத்துக்கொள்ளும். சிலருக்குக் கண் நீர் அழுத்தம் ஏறும்.

இதே மாதிரி ஒரு பெரியவரைக் கூட்டி வந்தார்கள். எப்போதோ விற்றுவிட்ட வள்ளத்தின் துடுப்பைச் சுவரோரம் தேடிக்கொண்டிருக்கிறார் என்றார் மகன். ஏர்வாடிக்குக் கூட்டிப் போக வண்டி பேசியிருந்தார்கள். அடிவயிற்றில் கை வைத்தேன், தொப்புள் வரை கல் மாதிரி இருந்தது. குழாய் போட்டதும் ஒரு லிட்டருக்கு மேல் சிறுநீர் வந்தது. மாத்திரையை நிறுத்தி இரண்டாம் நாள் பேத்தியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். தர்காவுக்குப் போவதில் தவறில்லை, அங்கே மனசுக்கு ஆறுதல் கிடைக்கிறவர்கள் உண்டு. ஆனால் அதற்கு முன்னால் வயிற்றையும் சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள்.

அப்பா ஆரம்பத்தில் எதற்காக எழுந்தார் என்றும் கேளுங்கள். சர்க்கரை கூடி ராத்திரியில் நாலைந்து முறை சிறுநீர் கழிக்கப் போகிறவர் தூங்காததில் ஆச்சரியம் இல்லை. சர்க்கரையைச் சரிசெய்தால் தூக்கமும் சரியாகிவிடலாம்.

சேது எக்ஸ்பிரஸில் சென்னை போகும்போது மூன்று வயதுக் குழந்தை அழாமல் தூங்க இருமல் சிரப் கொடுக்கலாமா?

கூடாது. மூச்சு அமுங்கலாம். சில குழந்தைகளுக்கு நேர்மாறாக ஆட்டம் கூடும். குளோர்பெனிரமினும் பினைலெஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே சொல்லியிருக்கிறது. குழந்தை அழட்டும், பக்கத்து சீட்டுக்காரர்கள் பொறுத்துக்கொள்வார்கள்.

தங்கச்சிமடம். மீன்பிடிக்கப் போன என் வீட்டுக்காரரை இலங்கைக் கடற்படை பிடித்துப் போனது. அன்றிலிருந்து தூக்கம் இல்லை. தெரிந்தவர் கொடுத்த அல்பிரசோலம் மாத்திரையை எட்டு மாதமாகக் கடையில் வாங்கிப் போடுகிறேன். அவர் விடுதலையாகி வந்துவிட்டார். இப்போது நிறுத்தினால் கை நடுங்குகிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது. எனக்கு என்ன ஆயிற்று?

உங்கள் மேல் தப்பு இல்லை, தாயி. வீட்டுக்காரர் எந்தச் சிறையில் இருக்கிறாரோ என்று கிடக்கிறவளுக்குத் தூக்கம் வந்திருந்தால்தான் அதிசயம். அந்த நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேச ஆள் வேண்டியிருந்தது, கையில் அட்டை கிடைத்தது.

அல்பிரசோலம் கேட்டதும் எடுத்துக் கொடுக்கும் மாத்திரை அல்ல. 2014 மார்ச்சிலிருந்து அது ஹெச்-1 பட்டியலில் இருக்கிறது. மருத்துவர் சீட்டைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும், யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். சில வாரங்கள் தொடர்ந்து போட்டாலே உடம்பு அதை எதிர்பார்க்கத் தொடங்கிவிடும். கை நடுக்கமும் படபடப்பும் அந்த எதிர்பார்ப்பின் அடையாளம்.

ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். தைரியமாக ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு வரலாம். இப்போது போடும் அளவிலேயே இருந்துகொண்டு உடனே ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். மாதக்கணக்கில் ஆகும், ஆனால் விடுபட்டவர்கள் நிறையப் பேர். கூடவே தூக்கத்துக்கு முறையான பயிற்சியும் சொல்லித் தருவார்கள். கண் சொக்கினால் மட்டும் படுப்பது, இருபது நிமிடமாகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வாசலில் உட்காருவது, எப்போது தூங்கினாலும் ஒரே நேரத்துக்கு எழுவது. கேட்கச் சாதாரணமாகத்தான் இருக்கும். நாள்பட்ட தூக்கமின்மைக்கு மருத்துவர்கள் மாத்திரைக்கு முன்னால் வைக்கும் சிகிச்சை இதுதான்.

அதுவரை ராத்திரியில் மனசு தாங்காவிட்டால் 14416 என்ற டெலிமனாஸ் எண்ணுக்குப் பேசுங்கள். எந்த நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது, தமிழில் பேசலாம்.

மருத்துவமனைக்குப் போகும்போது வீட்டில் கிடக்கும் காலி அட்டைகளையும் எடுத்துப் போங்கள். எத்தனை மில்லிகிராம் போட்டீர்கள் என்று அதைப் பார்த்தால்தான் தெரியும், அங்கிருந்துதான் குறைக்க ஆரம்பிக்க முடியும்.